காகிதத்தில் பதினெட்டு

எங்கள் பள்ளியில் பிள்ளைகளைவிட அவர்களுடைய படங்களுக்கு மதிப்பு அதிகம். ஒவ்வொரு ஜனவரியிலும் காய்பாந்தா நகரத்துத் தொண்டு நிறுவன அலுவலகத்திலிருந்து தொபாரக் பாய் கேமராவோடு படகில் வந்து இறங்குவார். எண்ணெய் தடவித் தலை வாரிய பிள்ளைகள் தகரச் சுவர் ஓரமாக வரிசையில் நிற்பார்கள். "ரொம்பச் சிரிக்காத, கொஞ்சமா சிரி" என்பார் அவர். நிறையச் சிரிக்கிற பிள்ளைக்கு உதவி எதற்கு என்று நினைத்துவிடுவார்களாம். சிரிக்கவே சிரிக்காத பிள்ளையைப் பார்த்தால் பயந்துவிடுவார்களாம். அந்தப் படங்கள் நார்வேக்குப் போகும். அங்கே யாரோ ஒருவர் ஒரு முகத்தைத் தேர்ந்தெடுப்பார். அன்றிலிருந்து அந்தப் பிள்ளையின் பை, புத்தகம், சீருடை, குடை, மதியச் சோறு எல்லாம் அவர் பொறுப்பு.

நாற்பது பிள்ளைகளுக்காவது இப்படி ஒரு புரவலர் இருக்க வேண்டும். ஒன்று குறைந்தாலும் பள்ளியை மூடிவிடுவார்கள். ஒரு வீட்டில் ஒரு பிள்ளைக்குத்தான் கிடைக்கும் என்பது இன்னொரு விதி. பிரம்மபுத்திராவின் நடுவில் கிடக்கும் மணல் திட்டு எங்கள் ஊர். அங்கே நான் ஒருத்திதான் ஆசிரியை. ஜொபேதா காத்தூன் என்பது பதிவேட்டில் இருக்கும் பெயர். மற்றபடி பெரியவர் சிறியவர் எல்லோருக்கும் நான் ஆபா, அக்கா.

கோமோர் உத்தீனின் மூத்த மகள் மோர்ஜினாவைத் தேர்ந்தெடுத்தவர் சிக்ரிட் என்ற அம்மாள். நர்ஸாக வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மோர்ஜினா இரண்டாம் வகுப்பு, துடுக்கான பெண். "எங்க ஆட்டுக்கு உங்க பேரு வெச்சிருக்கேன்னு எழுதுங்க ஆபா" என்று சொன்னாள். நான் எழுதவில்லை.

அந்த வருட வெள்ளத்தில் வீடுகளுக்குள் இடுப்பளவு தண்ணீர் நின்றது. எல்லோரும் மூங்கில் பரண் கட்டி ஏறியிருந்தோம். பாம்புகளுக்கும் ஏற வேறு இடமில்லை. ஒரு காலையில் அரிசிப் பானைக்குள் கையை விட்ட மோர்ஜினாவைப் பாம்பு கடித்தது. மந்திரிப்பவர் வந்து வேர் அரைத்துப் போட்டார். இயந்திரப் படகு கிடைக்க மதியமாகிவிட்டது. கரை சேருமுன்பே அவள் முடிந்துபோனாள். புதைக்கக் காய்ந்த மண் கிடைக்காமல் அதே படகில் இன்னும் இரண்டு மணி நேரம் போய்ப் புதைத்துவிட்டு வந்தார்கள். அவளுக்கு எட்டு வயது.

தண்ணீர் வடிந்ததும் தொபாரக் பாய் பிள்ளைகளை எண்ண வந்தார். முப்பத்தொன்பது.

"சிக்ரிட் அம்மாவுக்கு எழுதினா வேற புள்ளைய எடுத்துக்க மாட்டாங்களா?" என்று கேட்டேன்.

"எழுதிப் பாத்திருக்கோம் ஆபா. பத்துல ரெண்டு பேர் எடுப்பாங்க. மத்தவங்களுக்கு மனசு விட்டுப்போயிடும்." சேறு படிந்த பெஞ்சைத் துடைத்துவிட்டு உட்கார்ந்தார். பிறகு, "அந்தப் புள்ளைக்குத் தங்கச்சி ஒண்ணு உண்டுல்ல? ஜாடை எப்படி?" என்றார்.

நான் கோபப்பட்டேன் என்று எழுத ஆசைதான். படவில்லை. என் புருஷன் டாக்காவில் இன்னொரு குடும்பத்தோடு இருந்தான். எனக்குச் சோறு போட்டது அந்தப் பள்ளி. ஆனால் அது மட்டும் காரணமில்லை. முப்பத்தொன்பது பிள்ளைகள் சிலேட்டைக் கவிழ்த்து வைத்துவிட்டு மிளகாய் பறிக்கப் போவதும் என் கண் முன்னால் வந்தது. எது முதலில் வந்தது என்று இன்றைக்கும் எனக்கு நிச்சயமில்லை.

"ஒரே அச்சு" என்றேன்.

கோமோர் உத்தீன் உடனே ஒத்துக்கொண்டார். "பேருதானே ஆபா. எழுதிக்குங்க. சின்னவளுக்கும் சோறு கெடைக்கும்ல."

அவர் மனைவி ஹாஜெரா வீட்டுத் தரையில் படிந்த வண்டலைக் கையால் சுரண்டி வெளியே போட்டுக்கொண்டிருந்தாள். நான் எல்லாவற்றையும் விளக்கினேன். மோர்ஜினாவின் இறப்பைப் பஞ்சாயத்து அலுவலகத்தில் பதிய வேண்டாம். லைலிக்கு இன்னும் பிறப்பைப் பதியவில்லை, அதுவும் நல்லதாகப் போயிற்று. அக்காவின் சான்றிதழே தங்கைக்கு இருக்கட்டும். ஹாஜெரா நிமிரவே இல்லை.

"புள்ளைய நான் மண்ணுல வெச்சேன். பேர நீங்க கொண்டு போறீங்க. கொண்டு போங்க ஆபா. இந்த வாசலுக்குள்ள மட்டும் அந்தப் பேரு வரக் கூடாது."

அப்படித்தான் ஆறு வயது லைலி பள்ளியில் மோர்ஜினா ஆனாள். வெள்ளத்தில் படிப்பு விட்டுப்போயிற்று என்று எழுதி ஒன்றாம் வகுப்பில் உட்காரவைத்தேன். திட்டு முழுக்கத் தெரியும். யாரும் வெளியே சொல்லவில்லை, எல்லோர் வீட்டுப் பிள்ளைக்கும் சோறு அங்கேதான் வெந்தது.

ஜனவரிப் படம் போனது. ஏப்ரலில் சிக்ரிட்டிடமிருந்து கடிதம் வந்தது. 'மோர்ஜினா மெலிந்திருக்கிறாள். சென்ற வருடப் படத்தில் முன்பற்கள் இரண்டும் புதிதாக முளைத்திருந்தன. இந்த வருடம் அங்கே பால்பற்கள் தெரிகின்றன. நான் நர்ஸாக இருந்தவள், தவறாக நினைக்க வேண்டாம், ஏதாவது நோயா?' என்று கேட்டிருந்தார். தொபாரக் பாய் கடிதத்தை என்னிடம் நீட்டி, "நீங்கதான் வாத்தியார், நீங்களே பதில் யோசிங்க" என்றார். வெள்ளத்தில் படகு முட்டி முன்பற்கள் உடைந்துவிட்டன, உடைந்த மிச்சம்தான் அப்படித் தெரிகிறது என்று எழுதினேன். இரண்டு மாதம் கழித்துச் சத்து மாத்திரைகளும் பல் தைலமும் வந்தன.

பிள்ளைகள் சும்மா இருப்பார்களா? "ரெண்டு பேருக்காரி", "செத்தவ வந்துட்டாடோய்" என்று ஓட ஓட விரட்டினார்கள். லைலி அழுது நான் பார்த்ததில்லை. ஐந்தாம் வகுப்புத் தேர்வில் சுற்றியுள்ள மூன்று திட்டுகளுக்கும் சேர்த்து முதலாவதாக வந்தாள். சான்றிதழைக் கையில் வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தாள்.

"ஆபா, இது பாஸானது நானா, அவளா?"

"நீதான். இதுல என்ன சந்தேகம்?"

"அப்ப எம்பேரு எங்க?"

"பெரியவளானதும் மாத்திக்கலாம்" என்றேன். எப்படி மாற்றுவது என்று எனக்கும் தெரியாது.

அதன் பிறகு அவள் தினமும் படகில் கரைக்குப் போய் உயர்நிலைப் பள்ளியில் படித்தாள். கடிதங்களைத் தானே எழுதத் தொடங்கினாள். அலுவலகத்துக்கு அனுப்புமுன் நான் வாசிப்பேன். ஒரு கடிதத்தில் இப்படி இருந்தது: 'எனக்கு ஒரு தங்கை இருக்கிறாள். அவள் பெயர் லைலி. என்னைவிட இரண்டு வயது சின்னவள். அவளுக்குக் கணக்கு நன்றாக வரும். ஆற்றில் எங்கள் ஊர்ப் பையன்களைவிட வேகமாக நீந்துவாள். அவளைப் பற்றி உங்களுக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள்.'

அதை அடிக்கவா விடவா என்று யோசித்து விட்டுவிட்டேன். அதற்கப்புறம் எல்லாக் கடிதங்களிலும் லைலிதான். லைலிக்குக் காய்ச்சல், லைலி மரத்திலிருந்து விழுந்தாள், லைலிக்கு இன்ஜினியராக வேண்டுமாம். நார்வேயிலிருந்து வந்த ஒரு பொட்டலத்தில் சிவப்பு ரிப்பன் இருந்தது. 'லைலிக்கு' என்று தனியாகச் சீட்டு. அவள் அந்த ரிப்பனைப் பள்ளிக்குக் கட்டி வந்ததில்லை. வீட்டில் மட்டும் கட்டுவாள் என்று ஹாஜெரா சொன்னாள்.

இந்த வருடங்களில் எனக்கு ஒரு பெயர் வந்திருந்தது. பதினான்கு வயதுப் பெண்ணுக்கு மாப்பிள்ளை பார்க்கிறார்கள் என்று காதில் விழுந்தால் பிறப்புச் சான்றிதழோடு போய் நிற்பேன். கேட்காவிட்டால் கரையிலிருக்கும் பெண்கள் நல அதிகாரியைப் படகில் அழைத்து வருவேன். நான்கு கல்யாணங்களை நிறுத்தியிருக்கிறேன். "ஜொபேதா ஆபா வந்தா பிரியாணி சட்டியோட கவுந்துடும்" என்று ஆண்கள் டீக்கடையில் பேசிக்கொள்வார்கள்.

லைலிக்குப் பதினாறு நடக்கையில், பத்தாம் வகுப்புப் பொதுத் தேர்வுக்கு ஆறு வாரம் இருந்தபோது, அலுவலகத்திலிருந்து தாள் வந்தது. மோர்ஜினா காத்தூனுக்குப் பதினெட்டு வயது நிரம்பிவிட்டதால் உதவி இத்துடன் முடிகிறது. அதோடு சிக்ரிட்டின் கடிதம் ஒன்றும் இருந்தது. 'உன்னை நான் பெற்ற பிள்ளைபோல நினைத்தேன். இனி உன் தங்கை லைலியின் படிப்பை நான் ஏற்கலாமா? அவளைப் பத்து வருடமாகத் தெரிந்த மாதிரி இருக்கிறது. ஒரு படம் அனுப்பச் சொல்.'

அன்றைக்கே படகேறித் தொபாரக் பாயிடம் போனேன். அவர் இப்போது மாவட்டத்துக்கே மேலாளர். கடிதத்தை வாசித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

"எந்தப் படத்த அனுப்பச் சொல்றீங்க ஆபா? அந்த மூஞ்சி பத்து வருஷமா அந்தம்மா வீட்டுச் செவத்துல தொங்குது."

"அக்கா தங்கச்சி ஒரே ஜாடைன்னு சொல்லலாமே. முன்னாடி சொன்னதுதானே?"

"அப்ப ஆறு வயசு. இப்ப தாடையில இருக்கிற தழும்பு வரைக்கும் அந்தம்மாவுக்குத் தெரியும். அதோட லைலிக்குப் பொறப்புச் சான்றிதழ் எங்க? ஊருக்கே தெரிஞ்ச பொண்ணு காகிதத்துல பொறக்கவே இல்லையே."

ஒரு வாரத்தில் அவர் பதில் எழுதிவிட்டார். லைலிக்குத் திருமணம் நிச்சயமாகிவிட்டது, படிப்பைத் தொடர விருப்பமில்லை என்று. நகலை எனக்கு அனுப்பியிருந்தார். பொய்யாக எழுதினார். எழுதின பத்தாவது நாள் அது உண்மையாயிற்று.

மாப்பிள்ளை கரையில் செங்கல் சூளை மேஸ்திரி. முப்பத்திரண்டு வயது. முதல் மனைவி பிரசவத்தில் இறந்துவிட்டாள், இரண்டு பிள்ளைகள். கோமோர் உத்தீனின் நிலத்தில் பாதியை அந்த வருடம் ஆறு தின்றிருந்தது. மிச்சமும் போனால் குடும்பத்தோடு கரையேறிச் சூளையில் வேலைக்கு நிற்க வேண்டும், மேஸ்திரி மருமகன் ஆனால் நல்லது என்று அவர் நினைத்தார்.

நான் வழக்கம்போலப் போய் நின்றேன். "தேர்வு முடியட்டும் பாய். இன்னும் பதினெட்டு ஆகல."

கோமோர் உத்தீன் உள்ளே போய்ப் பிளாஸ்டிக் உறை போட்ட சான்றிதழை எடுத்து வந்தார். கோபமில்லாமல்தான் பேசினார்.

"ஆயிருச்சு ஆபா. போன மாசமே ஆயிருச்சு. பாருங்க. வருஷா வருஷம் இந்த வயசத்தானே நீங்க எழுதிக் கையெழுத்துப் போட்டீங்க? அந்த ஆபீஸும் பதினெட்டுன்னுதானே புள்ளைய நிறுத்துச்சு? அவங்களுக்குப் பதினெட்டு, எனக்கு மட்டும் பதினாறா?"

சான்றிதழைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்தேன்.

மறுநாள் காலை லைலி ஹால் டிக்கெட்டோடு என் வீட்டுக்கு வந்தாள். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"அதிகாரிகிட்டச் சொல்லிடுங்க ஆபா. நான் லைலின்னு சொல்லிடுங்க. உங்களாலதான் முடியும். அப்பா சொல்லமாட்டாரு, அம்மா சொன்னா அழுவுறான்னுடுவாங்க. நீங்க சொன்னா எடுபடும்."

"சொன்னா இந்த ஹால் டிக்கெட்டும் செல்லாதுடி. பத்து வருஷப் படிப்பும் அவ பேர்ல இருக்கு."

"போவட்டும். ஒண்ணாங்கிளாஸ்ல இருந்து மறுபடி படிக்கிறேன்."

விளையாட்டுக்குச் சொல்லவில்லை அவள். நான் போகிறேன் என்றேன்.

போனேன். தொபாரக் பாயை முதலில் பார்த்தது என் தப்பு. "போய்ச் சொல்லுங்க, நான் தடுக்கல" என்றார். "இப்ப நம்ம பள்ளியில அம்பத்திரண்டு புள்ளைங்க. ஒண்ணு பொய்யின்னு தெரிஞ்சா நார்வேக்காரங்க மத்த அம்பத்தொண்ணையும் நம்புவாங்களா? எனக்கு வேற ஆபீஸ் கெடைக்கும். பதிவேட்டுல ஒவ்வொரு பக்கத்துலயும் இருக்கிறது உங்க கையெழுத்து ஆபா, என்னுது இல்ல."

அங்கிருந்து பெண்கள் நல அதிகாரியின் அறைக்குப் போனேன். என்னைப் பார்த்ததும் அந்த அம்மாள் எழுந்து நாற்காலி போட்டார். "இந்தத் தடவை எந்த ஊர்ப் பொண்ணு ஆபா?" என்று சிரித்தார். ஒரு தப்பு நடந்திருக்கிறது, ஒரு பெண்ணின் வயது விஷயத்தில் என்று தொடங்கினேன். "எழுத்துல குடுத்துடுங்க, இன்னைக்கே கிளம்பலாம்" என்று வெள்ளைத் தாளும் பேனாவும் தந்தார். 'ஜொபேதா காத்தூன், ஆசிரியை' என்று எழுதினேன். அடுத்த வரிக்குப் பேனாவை வைத்தபடி இருந்தேன். அவர் ஒரு கோப்பை டீ வரவழைத்தார். அது ஆறியது. பள்ளிப் பதிவேட்டை ஒருமுறை சரிபார்த்துவிட்டு நாளைக்கு வருகிறேன் என்று சொல்லித் தாளை மடித்து எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். மறுநாள் நான் போகவில்லை.

வெள்ளிக்கிழமைத் தொழுகை முடிந்ததும் கல்யாணம். கல்யாணத்தைப் பதியும் காஜி கரையிலிருந்து வந்தவர், வயதானவர், சட்டத்துக்குப் பயந்தவர். சான்றிதழை வெயிலில் பிடித்து எண்களைச் சரிபார்த்தார். பிறகு சாட்சிகளோடு பெண்கள் இருந்த பக்கம் வந்து, தட்டிக்கு வெளியே நின்றபடி வாசித்தார்.

"கோமோர் உத்தீன் மகள் மோர்ஜினா காத்தூன்—"

"அவ செத்துட்டா."

ஹாஜெராவின் குரல். தட்டிக்குப் பின்னாலிருந்து எழுந்து ஆண்கள் முன்னால் வந்து நின்றாள். பத்து வருடமாக அந்த வாசலுக்குள் வராத பெயர் அது.

"அந்தப் பேருல எனக்கொரு மவ இருந்தா. பாம்பு கடிச்சுச் செத்துட்டா. ஆத்துக்கு அந்தப் பக்கம் பொதைச்சிருக்கு. இவ வேற. இவளுக்குப் பதினாறு."

மாப்பிள்ளையின் அண்ணன், "என்னய்யா இது, எங்களக் கூப்பிட்டு வெச்சு ஏமாத்தறீங்களா?" என்று எழுந்தார். கோமோர் உத்தீன் மனைவியின் தோளைப் பிடித்து, "மூத்த புள்ளைய நெனச்சா இவளுக்கு இப்படித்தான் ஆவும்" என்றார். சொன்ன பிறகுதான் வாய் தவறியது அவருக்கே உறைத்தது, காகிதப்படி மூத்தவள் மணப்பெண்தானே. காஜி புத்தகத்தை மூடினார். சுற்றிப் பார்த்தார். ஊர்க்காரர்கள் தரையைப் பார்த்தார்கள். அவர் கண் என்மேல் வந்து நின்றது.

"ஆபா, நீங்க இந்த விஷயத்துல கண்டிப்பானவங்கன்னு கரையில எல்லாருக்கும் தெரியும். நாலெழுத்துப் படிச்சவங்க. நீங்க சொன்னா நான் கேட்டுக்கறேன். இந்தப் பொண்ணு மோர்ஜினாதானே?"

லைலி தலை முக்காட்டை விலக்கி என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் கெஞ்சல் எதுவும் இல்லை. கணக்குப் போட்டு முடித்துவிட்டு விடை சரியா என்று பார்ப்பவள் போலிருந்தாள்.

"ஆமா" என்றேன்.

ஹாஜெரா என்னைத் திட்டவில்லை. இரண்டு பெண்கள் அவளை வீட்டுக்குப் பின்னால் அழைத்துப் போனார்கள். காஜி மறுபடியும் வாசித்துச் சம்மதமா என்று மூன்று முறை கேட்டார். மூன்றாவது முறை லைலி, "மோர்ஜினாவுக்குச் சம்மதம்" என்றாள். காஜிக்கு அது போதுமாக இருந்தது. பெண் வீட்டுச் சாட்சியாக என்னைக் கையெழுத்துப் போடச் சொன்னார்கள். போட்டேன். மதியம் மூன்று மணிக்குப் படகு கிளம்பியது.

தேர்வுக்கு அவளை அனுப்பவில்லை. சூளையில் வேலை உச்சத்தில் இருந்ததாம், இரண்டு பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லையாம். நான் ஒருமுறை ஆள் விட்டுக் கேட்டேன். பிறகு கேட்கவில்லை. அடுத்த வெள்ளத்தில் கோமோர் உத்தீனின் மிச்ச நிலமும் போய், அவரும் ஹாஜெராவும் கரையேறிப் போனார்கள். போகும்போது ஹாஜெரா எல்லா வீடுகளிலும் சொல்லிக்கொண்டாள், என் வீட்டைத் தவிர. அந்த வருடக் கடைசியில் அலுவலகம் எனக்குச் சிறந்த ஆசிரியை என்று சால்வை போர்த்தியது. வாங்கிக்கொண்டேன்.

போன பங்குனியில் மூட்டுவலிக்காகக் கரை ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தேன். சுவர் ஓரம் பெஞ்சில் கைக்குழந்தையோடு ஒருத்தி உட்கார்ந்திருந்தாள். செங்கல் தூசி பிடித்த கால்கள். அவள்தான் முதலில் என்னைப் பார்த்தாள், நகர்ந்து இடம் விட்டாள்.

"பொண்ணா?" என்றேன்.

"பொண்ணு. சளி விட மாட்டேங்குது."

மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று இரண்டு வருடமாக மனதில் கோத்து வைத்திருந்த வார்த்தைகள் அந்த மருந்து வாடையில் ஒன்றுகூட வரவில்லை. "படிக்கணும்னா இப்பவும் தனித்தேர்வு எழுதலாம்" என்றேன்.

அவள் குழந்தையின் மூக்கை முந்தானையால் துடைத்துவிட்டாள்.

"இப்ப எத்தனை புள்ளைங்க ஆபா, நம்ம பள்ளியில?"

"அம்பத்தேழு."

"எல்லாரும் அவங்கவங்கதானா?"

"ஆமா" என்றேன்.

நர்ஸ் சீட்டைப் பார்த்து, "மோர்ஜினா காத்தூன்" என்று கூப்பிட்டாள். அவள் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு உள்ளே போனாள். எனக்கு முன்னால் இன்னும் ஒன்பது பேர் இருந்தார்கள். வலி பரவாயில்லை என்று தோன்றி, எழுந்து படகுத்துறைக்கு நடந்தேன்.